கல்லும் அலையும்: கெல்டிய மரபும் மின்னணுப் படக்கலையும்

கெல்டிய மரபு என்றவுடன் நம் வாசகர் பலரின் நினைவுக்கு வருவன பின்னிப் பிணைந்த முடிச்சுக் கோலங்களும், வட்டம் கோத்த கற்சிலுவைகளும், யாழ் பொறித்த நாணயங்களுமே ஆகும். மின்னணுச் சமிக்ஞை என்பதோ ஆய்வுக்கூடத்தையும் தொலைக்காட்சி நிலையத்தையும் சார்ந்தது. இவ்விரண்டையும் ஒருசேரப் பேசுதல் பொருந்துமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஆயினும், 1960களின் நடுப்பகுதி தொடங்கி அயர்லாந்தைச் சேர்ந்த கலைஞர் சிலர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே தம் படைப்புகளை உருவாக்கினர். அவர்கள் மரபின் கோலங்களைத் திரையில் வரைந்து காட்டவில்லை. மரபு ஒருவரிடமிருந்து மற்றொருவரைச் சென்று சேரும் முறையினையே தம் பாடுபொருளாகக் கொண்டனர். அக்கலைஞருள் மூவரை முன்வைத்து இவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

முதற்கண், கெல்டியம் என்னும் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மாங்ஸ், வெல்ஷ், கோர்னிஷ், பிரெத்தோன் ஆகிய மொழிகள் ஒன்றற்கொன்று உறவுடையன என்பதை வேல்ஸ் நாட்டு அறிஞர் எட்வர்ட் லூயிட் 1707ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் நிறுவினார். அதன் பின்னரே இம்மக்கள் தம்மைக் கெல்டியர் எனப் பரவலாக அழைத்துக்கொள்ளத் தொடங்கினர். மொழிநூலார் வகுத்த ஒரு குடும்பப் பெயர், காலப்போக்கில் ஒரு மக்களின் மரபுப் பெயராயிற்று. இது நமக்குப் புதிய செய்தியன்று. திராவிடம் என்னும் பெயரை மொழிக்குடும்பத்திற்கு நிலைபெறச் செய்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது; அவரும் அயர்லாந்தின் அன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்து கிளாஸ்கோவில் பயின்றவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பண்டைய பிரித்தானியத் தீவுகளில் தம்மைக் கெல்டியர் என்று சொல்லிக்கொண்ட மக்கள் எவரும் இருந்ததற்குச் சான்றில்லை எனத் தொல்லியலார் சைமன் ஜேம்ஸ் 1999இல் எழுதியபோது பெரும் விவாதம் மூண்டது. எனவே, கெல்டிய மரபைக் கையாளும் கலைஞர், உறைந்துபோன ஒரு பழம்பொருளைக் கையாளவில்லை. மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டு உருவாகிவரும் ஒன்றையே கையாள்கிறார்.

விளிம்பும் அலைக்கோபுரமும்

கெல்டிய மொழிகள் இன்று எஞ்சியுள்ள இடங்களை நிலப்படத்தில் குறித்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் அட்லாண்டிக் பெருங்கடலின் ஓரமாகவே அமைந்திருத்தல் புலனாகும். ஆங்கிலமும் பிரெஞ்சும் உள்நாட்டிலிருந்து அழுத்த, அம்மொழிகள் மேற்கு விளிம்புக்கு ஒதுங்கின. கம்பியில்லாத் தந்தியையும் செயற்கைக்கோளையும் அமைத்த பொறியாளர்களும் அதே விளிம்பையே நாடினர். அமெரிக்கக் கண்டத்திற்கு மிக அண்மையில் இருப்பது அதுவே. மொழி ஒதுங்கிய இடமும் அலை புறப்பட்ட இடமும் ஒன்றாயின. இது வெறும் நிலவியல் காரணத்தால் நேர்ந்தது. இதில் மாயம் ஏதுமில்லை. ஆயினும் இதன் விளைவுகள் ஆழமானவை.

சில இடங்களைச் சுட்டுவோம். மார்க்கோனியின் தாயார் அயர்லாந்தைச் சேர்ந்தவர். நீர்ப்பரப்பைக் கடந்த முதற் கம்பியில்லாச் செய்தியை மார்க்கோனி 1897 மே மாதத்தில் வேல்ஸ் கரையோரத்தில் அனுப்பினார். 1901 டிசம்பர் 12ஆம் நாள் கோர்ன்வாலின் போல்டு என்னுமிடத்திலிருந்து புறப்பட்ட சமிக்ஞை நியூஃபவுண்ட்லாந்தில் கேட்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மோர்ஸ் முறையில் மூன்று புள்ளிகளாலான ஒரே எழுத்துதான் அது. 1907இல் அயர்லாந்தின் கிளிஃப்டன் நகருக்கு அருகே, டெரிகிம்லா சதுப்பு நிலத்தில், அட்லாண்டிக்கைக் கடக்கும் வணிகத் தந்திச் சேவை தொடங்கியது. ஐரிஷ் மொழி வழங்கிய கொனமாரா வட்டாரம் அது. சதுப்பிலிருந்து வெட்டி உலர்த்திய மண்கரியை எரித்தே அந்நிலையத்திற்கான மின்னாற்றல் பெறப்பட்டது. பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த நிலம் எரிந்து அலையாகியது என்று கூறினும் அது மிகையன்று. 1922இல் உள்நாட்டுப் போரின்போது அந்நிலையம் தாக்கப்பட்டுச் செயலிழந்தது.

1962 ஜூலையில் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் ஏவப்பட்டபோது ஐரோப்பாவில் அதன் படங்களைப் பெற அமைந்த நிலையங்கள் கோர்ன்வாலின் கூன்ஹில்லியிலும் பிரிட்டனி வட்டாரத்துப் ப்ளுமெர்-பொடூவிலும் இருந்தன. ஒரு முறை கடக்கும்போது ஏறத்தாழ 20 நிமிடங்களே இரு கண்டங்களும் அக்கோளை ஒருங்கே காண முடிந்தது. கூன்ஹில்லியின் முதல் அலைவாங்கிக்கு ஆர்தர் மன்னனின் பெயரே சூட்டப்பட்டது. அதனருகே பழங்கால நெடுங்கல் ஒன்று நிற்கிறது. ப்ளுமெர்-பொடூவிலும் அவ்வாறே ஒரு நெடுங்கல் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் அதன்மீது சிலுவை செதுக்கிச் சமயக் கல்லாக்கினர். இந்நெடுங்கற்கள் கெல்டிய மொழிகளுக்கும் முற்பட்டவை என்று தொல்லியலார் கருதுவர். பின்வந்தோர் அவற்றைத் தமதாக்கிக்கொண்டனர், அவ்வளவே. ஆர்தரின் பெயர் தாங்கிய அலைவாங்கியும் அவ்வழியில் வந்ததுதான்.

அயர்லாந்தின் தொலைக்காட்சி 1961 டிசம்பர் 31 அன்று தொடங்கியது. புனித பிரிஜிட்டின் பெயரால் நாணற்புல்லைக் கொண்டு முடையப்படும் சிலுவையே அதன் சின்னமாயிற்று. 1990கள் வரை அது திரையில் நிலைத்தது. தொடக்க நாள் உரையில் குடியரசுத் தலைவர் தெ வலேரா, இக்கருவி அணுவாற்றலைப் போல் அளவற்ற நன்மையும் சீர்செய்யவியலாத் தீமையும் செய்யவல்லது என எச்சரித்தார். சின்னம் மரபைச் சார்ந்தது. அதன்பின் ஓடிய நிகழ்ச்சிகளிலோ பெரும்பான்மை ஆங்கிலம். மரபை முத்திரையாக மட்டும் ஒட்டிக்கொள்வதன் அவலத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. வேல்ஸ் மக்கள் தம் மொழிக்கான அலைவரிசையை 1982இலும், அயர்லாந்து மக்கள் 1996இலும்தான் பெற்றனர். கலைஞர்கள் தொலைக்காட்சிச் சமிக்ஞையைத் தம் கையில் எடுத்தது இச்சூழலில்தான் என்பதை மறத்தல் ஆகாது.

பாலஹடெரீன் ஊரினர் இருவர்

அயர்லாந்தின் ரோஸ்கொமன் மாவட்டத்திலுள்ள பாலஹடெரீன் ஒரு சிற்றூர். பிரையன் ஓ டொஹர்ட்டி 1928இலும் ஜேம்ஸ் கோல்மன் 1941இலும் அங்குப் பிறந்தனர். இருவரும் அயர்லாந்தை விட்டு அகன்றவர். முன்னவர் நியூயார்க்கிலும் பின்னவர் நெடுங்காலம் மிலான் நகரிலும் வாழ்ந்தனர்.

ஓ டொஹர்ட்டி டப்ளினில் மருத்துவம் பயின்றவர். 1957இல் அமெரிக்கா சென்று, கலைத் திறனாய்வாளராகவும் தொலைக்காட்சியில் கலை நிகழ்ச்சிகளை வழங்குபவராகவும் பணியாற்றினார். பின்னர் அமெரிக்க அரசின் கலை நிதியத்தில் ஊடகக் கலைப் பிரிவை ஏறத்தாழ 20 ஆண்டுகள் நடத்தினார். அந்நாட்டில் காணொளிக் கலை வேரூன்ற அவரது கை பின்னின்று உதவியது. அவர் தாமே காணொளி நாடாக்களைப் படைத்தவர் அல்லர். எனினும், இவ்வரலாற்றின் தொடக்கமாக அவரது ஒரு படைப்பையே நாம் கொள்வோம்.

1966 ஏப்ரல் 4ஆம் நாள், தம் இல்லத்திற்கு விருந்துக்கு வந்த முதுபெரும் கலைஞர் மார்செல் டூஷாமை அவர் படுக்கையில் கிடத்தி, மருத்துவர்கள் பயன்படுத்தும் கருவியால் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார். அப்பதிவிலிருந்து டூஷாமின் உருவப்படம் என்னும் வரிசையைப் படைத்தார். அதில் முகமில்லை, கண்ணில்லை. சிறிய பெட்டி ஒன்றன் திரையில் ஒளிப்புள்ளி ஒன்று எழுந்து தாழ்ந்து செல்லும், அதுவே டூஷாம். 1968 அக்டோபரில் டூஷாம் மறைந்தார். மின்னிணைப்புக் கொடுக்குந்தோறும் அவ்விதயம் துடித்தது. ஒருவரின் சாயலைக் காட்டிலும் அவருடைய துடிப்பின் ஒழுங்கே அவரைச் சுமந்து செல்லும் என்பதை ஓ டொஹர்ட்டி நமக்கு உணர்த்துகிறார். மருத்துவர் ஒருவருக்கே வாய்க்கக்கூடிய நுட்பம் இது!

அடுத்த ஆண்டிலிருந்து, அதாவது 1967 முதல், அவர் ஓகம் எழுத்தைத் தம் கலைக்குள் கொண்டுவந்தார். ஓகம் என்பது ஐரிஷ் மொழியின் மிகப் பழைய எழுத்துமுறை. ஏறத்தாழ 4ஆம் நூற்றாண்டு முதல் 6ஆம் நூற்றாண்டு வரை பொறிக்கப்பட்ட கற்களில் சுமார் 400 கிடைத்துள்ளன. கல்லின் விளிம்பே எழுத்தின் முதுகெலும்பு. அவ்விளிம்பின் ஒரு புறமோ, மறுபுறமோ, குறுக்காகவோ ஒன்று முதல் ஐந்து வரையான கோடுகள் கீறப்படும். உயிரெழுத்துகளுக்கு விளிம்பிலேயே சிறு வெட்டுகள் இடப்படும். இருபதே அடிப்படை எழுத்துகள். வரைந்த உருவத்தால் அன்றி, எண்ணிக்கையாலும் இடத்தாலும் பொருள் தருவது இது. ஆகவே இதனை எழுத்து என்பதைவிடச் சமிக்ஞை என்றே கூறத் தோன்றுகிறது. போல்டிலிருந்து மார்க்கோனி அனுப்பிய மூன்று புள்ளிகளை மூன்று வெட்டுகளாகக் கொண்டால், ஓகம் அறிந்தவர் அதனை உகரம் என்று படிப்பார். இது தற்செயல் ஒற்றுமையே. ஆயினும் இவ்வொற்றுமையைக் காணும்போது ஓ டொஹர்ட்டி ஏன் இதய அலையிலிருந்து ஓகத்திற்கு எளிதாகச் சென்றார் என்பது விளங்குகிறது. ஒன்று, இங்கு, இப்போது எனப் பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களை மட்டும் எடுத்து, அவற்றை ஓகக் கோடுகளாக்கி, பல்லாண்டுகள் ஓவியமாகவும் சிற்பமாகவும் சுவரோவியமாகவும் வரைந்தார். நம் மாணவர் சிலர் இவற்றைக் கண்டு, வெறுங்கோடுகள்தாமே என்று வினவியதுண்டு. வெறுங்கோடுகள்தாம், ஆனால் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் இறந்தோரின் பெயரைச் சொல்லப் பயன்படுத்திய கோடுகள்.

1972 ஜனவரி 30 அன்று டெரி நகரில், நிராயுதமாக ஊர்வலம் சென்ற மக்கள்மீது பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் அன்றே 13 பேர் மாண்டனர். அவ்வாண்டிலேயே டப்ளினில் நடத்திய ஒரு நிகழ்த்துகலையின் வாயிலாக ஓ டொஹர்ட்டி தம் கலைப்பெயரைப் பேட்ரிக் அயர்லாந்து என மாற்றிக்கொண்டார். பிரிட்டிஷ் படை வட அயர்லாந்தை விட்டு நீங்கி, மக்கள் யாவர்க்கும் குடியுரிமைகள் கிடைக்கும்வரை தம் படைப்புகள் அப்பெயரிலேயே வரும் என்று உறுதி பூண்டார்.

கோல்மனின் வழி வேறு. ஓ டொஹர்ட்டி எல்லாவற்றையும் கோடாகச் சுருக்கினார் எனில், கோல்மன் கதையைப் பெருக்கினார். 1978ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்ட்ராங்போ என்னும் படைப்பை முதலில் காண்போம்; பின்னர் 2000இல் அதன் புதிய வடிவமும் வந்தது. 1170இல் நார்மானியப் படையுடன் அயர்லாந்தில் இறங்கி, லென்ஸ்டர் மன்னன் மகள் ஈஃபாவை மணந்தவன் ஸ்ட்ராங்போ. டப்ளின் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தில் அவன் சமாதி எனக் காட்டப்படுவதன் மேல் கிடக்கும் கற்சிலையை வார்ப்பெடுத்து, அதனோடு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைக் கோல்மன் வைத்தார். பெட்டியில் இரு கைகள் தட்டுகின்றன. ஒன்று சிவப்பு, மற்றொன்று பச்சை. தட்டல் தொடரத் தொடர நிறங்கள் ஒன்றிலொன்று கலங்குகின்றன. ஈண்டு வரலாற்றுச் செய்தி ஒன்றைச் சேர்த்தல் தகும். 1562இல் பேராலயத்தின் மேற்கூரை இடிந்தபோது பழைய சிலை சிதைந்தது; இன்று கிடப்பது வேறொரு வீரனின் சிலை. ஆக, கோல்மன் வார்த்தெடுத்தது ஒரு மாற்றின் மாற்றையே. மக்களோ பல நூற்றாண்டுகளாக அதனை ஸ்ட்ராங்போ என்றே சொல்லிவருகின்றனர். கல் பொய்யானபோதும் கதை தொடர்ந்தது.

ஆயினும், கோல்மனின் காணொளிப் படைப்புகளுள் தலையாயது, 1978 முதல் 1980 வரை உருவாகிய, எவ்வளவோ வேறானாலும் எனப் பொருள்படும் தலைப்புடைய படைப்பே என்பது நம் மதிப்பீடு. ஏறத்தாழ 50 நிமிடங்கள் ஓடும் அதில், பச்சை உடை அணிந்த பெண்ணொருத்தி சாய்ந்தவாறு ஒரு கதை சொல்கிறாள். காதலும் களவும் கலந்த, மலிவு விலைப் புதினம் போன்ற கதை. பிரெஞ்சு வாடையடிக்கும் ஆங்கிலத்தில் அவள் பேச, பின்னால் கொம்பு சூடிய ஒருவர் பியானோ வாசிக்கிறார். அவர் அயர்லாந்து மின்னணு இசையின் முன்னோடிகளுள் ஒருவரான ரோஜர் டாய்ல். கதை சொல்பவர் நடிகை ஒல்வென் ஃபுவேரே. பிரெத்தோன் தேசியவாதியும், இரண்டாம் உலகப் போருக்குப்பின் அயர்லாந்தில் அடைக்கலம் புகுந்தவருமான யான் ஃபுவேரேயின் மகள் அவர். ஆக, ஒரு கெல்டிய நிலத்திலிருந்து மற்றொரு கெல்டிய நிலத்திற்கு வந்த குடும்பத்தின் குரலே இங்குக் கதை சொல்லிப் பெண்ணின் குரலாகிறது. பச்சை அயர்லாந்தின் நிறம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கு நாம் சற்று நிற்க வேண்டியது பின்புலத்து நீலத்தின்முன். தொலைக்காட்சியில் வானிலை அறிவிப்பாளரை நீலத் திரைமுன் நிறுத்திப் பதிவு செய்து, அந்நீலத்தை மட்டும் மின்னணு முறையில் அகற்றி, அவ்விடத்தில் நிலப்படத்தைப் பொருத்துவர். நீலம் என்பது இன்னொரு படத்திற்காகக் காத்திருக்கும் வெற்றிடம். கோல்மன் அவ்விடத்தை நிரப்பவில்லை. பச்சை மலைகளையோ பாழடைந்த கோட்டைகளையோ அங்கு இட்டிருக்கலாம். சுற்றுலாத் துறையின் படங்கள் அதைத்தான் செய்தன. நிரப்பாது விட்டதனால், அப்பெண்ணின் சொற்களே அவ்வெளியில் படங்களை எழுப்ப வேண்டியதாயிற்று. அடுப்பங்கரையில் அமர்ந்து கதை சொல்லும் ஐரிஷ் கதைசொல்லிக்குப் பின்னாலும் இருட்டன்றி வேறேது இருந்தது? மரபுக் கதைசொல்லலைப் படம்பிடிக்காமலே அதன் நிலைமையை உண்டாக்கிவிட்டார் கோல்மன்.

மின்னணுப் படத்தின் இயல்பும் இதற்குத் துணைநின்றது. திரைப்படச் சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் படங்கள் கண்ணுக்குத் தெரியும். காணொளி நாடாவில் காண்பதற்கு ஒன்றுமில்லை. அக்காலத்து ஐரோப்பியத் தொலைக்காட்சியில் மின்னணுக் கற்றை 625 வரிகளாக, நொடிக்கு 25 முறை, திரையை மேலிருந்து கீழாக வருடிச் சென்றது. வருடல் நின்றால் படமில்லை. டிரூயிடுகள் தம் கல்வியை எழுத்தில் வைக்க ஒப்பவில்லை என்றும், சிலர் 20 ஆண்டுகள் வரை மனனம் செய்தனர் என்றும் ஜூலியஸ் சீசர் எழுதியுள்ளார். சொல்லும்போது மட்டும் இருப்பதும், வருடும்போது மட்டும் இருப்பதும் தம்முள் உறவுடையன. கல்வெட்டும் ஓவியமும் எட்டாத இடத்தைக் காணொளி எட்டியது இதனால்தான்.

ஒப்பாரியும் ஒலிநாடாவும்

மூன்றாமவர் அலானா ஓ கெல்லி, 1955இல் பிறந்தவர். அவர் கையிலெடுத்தது கூய்ந்யூ எனப்படும் ஐரிஷ் ஒப்பாரி. இறந்தார் வீட்டில் பெண்கள் கூடி, இறந்தவரின் குலப்பெருமை சொல்லி, சொல்லற்ற ஓலத்தில் முடிக்கும் இம்மரபு நம்மவர்க்கு விளக்கம் வேண்டாதது. திருச்சபை அதனை வெறுத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் அது பெரிதும் மறைந்தது. 1951இல் அமெரிக்க நாட்டார் இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அயர்லாந்து வந்தபோது, டோனகால் வட்டாரத்துப் பாடகி சிட்டி நீ கல்லகோர் இறந்த குழந்தைக்கான ஒப்பாரி ஒன்றைப் பாடக் காந்த நாடாவில் பதிந்தார். பின்வந்த தலைமுறையினர் பலர் ஒப்பாரியை அறிந்தது பாட்டியின் வாயிலாக அன்று. இத்தகைய நாடாக்களின் வாயிலாகவே. மரபை அழித்ததாகக் குற்றஞ்சாட்டப்படும் கருவியே அதன் கடைசி மூச்சைத் தாங்கிநின்றது.

ஓ கெல்லி 1980களில் இங்கிலாந்தின் கிரீன்ஹாம் காமன் அணுவாயுத எதிர்ப்புப் பெண்கள் முகாமின் அனுபவத்தை ஒப்பாரிக் குரலோடு இணைத்து ஒலிப்படைப்பு செய்தார். 1990களில் பெரும்பஞ்சத்தை நோக்கித் திரும்பினார். 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியதைத் தொடர்ந்து ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர்; அதே அளவினர் அல்லது அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டகன்றனர். ஐரிஷ் மொழி பேசிய ஏழை மேற்குப் பகுதிகளே மிகுதியும் அழிந்தன. மொழி விளிம்புக்கு ஒதுங்கிய கதையின் இருண்ட அதிகாரம் இது. புகலிடம்/பாழ்நிலம் என்னும் பொருளுடைய அவரது 1994ஆம் ஆண்டுக் காணொளிப் படைப்பு, மேயோ கடற்கரையிலுள்ள ஓர் இடுகாட்டு மேட்டைப் பற்றியது. துறவியர் இருந்த இடம், பின்னர்ப் பஞ்சத்தில் மாண்டோரைப் புதைத்த இடம். பெயர் பொறித்த கற்கள் இல்லாத அம்மேட்டின்மேல் குரல் ஒன்றே கல்லாக நிற்கிறது. அவ்வாண்டு அயர்லாந்து நவீனக் கலை அருங்காட்சியகம் வழங்கிய கிளென் டிம்பிளெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. பஞ்சத்தின் 150ஆம் ஆண்டையொட்டி நினைவுச் சின்னங்கள் பல எழுந்த காலம் அது. வெண்கலத்தில் வார்த்த எலும்புருவங்கள் பல நகரங்களில் நிற்கின்றன. அவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று; எனினும், மண்மேடும் குரலும் மட்டுமே கொண்ட இக்காணொளி அவற்றினும் நெஞ்சில் தங்குகிறது.

இம்மூவருள் இருவர் ஒரு நாள் ஒரே இடத்தில் கூடினர். வட அயர்லாந்தில் அமைதி நிலைபெற்றதைக் கண்ட ஓ டொஹர்ட்டி, 2008 மே 20 அன்று, டப்ளின் அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் பேட்ரிக் அயர்லாந்தை அடக்கம் செய்தார். 36 ஆண்டுகள் வாழ்ந்த ஒரு பெயருக்குச் சவப்பெட்டி செய்து, அதனுள் ஓர் உருவத்தைக் கிடத்தி, குழிதோண்டிப் புதைத்தனர். அங்கு ஒப்பாரி வைத்தவர் அலானா ஓ கெல்லி.

ஓ டொஹர்ட்டி 1990களின் நடுவில் கோவ் துறைமுகத்திலுள்ள சிரியஸ் கலை மையத்தின் சுவர்களில் அம்மூன்று சொற்களையும் ஓகக் கோடுகளாக வரைந்திருந்தார். அமெரிக்காவுக்குக் கப்பலேறிய எண்ணற்ற அயர்லாந்து மக்கள் கடைசியாகக் கண்ட துறைமுகம் அது. பின்னர் அச்சுவர்கள் தாள் ஒட்டி வெள்ளை பூசி மறைக்கப்பட்டன. இருபதாண்டுகளுக்கும் மேலாக அவ்வெண்மையின் முன் வேறு கண்காட்சிகள் பல நடந்தன. 2018இல் தாளை உரித்துச் சீரமைத்தபோது கோடுகள் அடியில் அவ்வாறே இருந்தன. ஓ டொஹர்ட்டி 2022 நவம்பரில், தம் 94ஆம் வயதில், நியூயார்க்கில் காலமானார்.